காகித ஆலையில் சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்?

திறமையைக் கூட்ட வேண்டும், கண்டிராக்ட் செலவைக் குறைக்க வேண்டும்! காகித ஆலை நிர்வாகங்கள் ஓயாமல் சொல்லி வரும் பேச்சு இது. வெளிநாட்டுக் காகிதம் மலிவாக வந்து இறங்குகிறது, நிலக்கரிக்கும் மரத்துக்கும் சக்கைக்கும் செலவு ஏறுகிறது, ஆகவே செலவைச் சுருக்கியாக வேண்டும் என்கிறார்கள். சுருக்குவது என்று பேச்சு எழுந்ததும் அவர்கள் கண் எங்கே போகிறது? அதிகாலையில் ஆலை வாசலில் கேட் பாஸுக்காக வரிசையில் நிற்கும் கண்டிராக்ட் கூலிகளின் மீது போகிறது.

இந்தப் பேச்சை நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடப் போவதில்லை. வீண்செலவால் யாருக்கும் நன்மை இல்லை. ஆலையில் வீணாகும் தண்ணீர் காவேரித் தண்ணீர். வீணாகும் சக்கை விவசாயி விளைத்த கரும்பின் சக்கை. வீணாகும் உழைப்பு நம்முடைய உழைப்பு. சிக்கனம் வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு இல்லை. ஆலையில் பணம் எங்கே ஒழுகுகிறது, அதை அடைக்கக் கூடியவன் யார் என்பதில்தான் தகராறு.

தஞ்சைக்கு இதில் என்ன?

"நாங்கள் நெல் வயலில் நிற்பவர்கள். காகித ஆலை விவகாரம் எங்களுக்கு எதற்கு?" என்று தஞ்சை விவசாயத் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று காரணங்கள் சொல்கிறோம்.

முதலாவது, ஆறு. மேட்டூரை விட்டு இறங்கும் காவேரி நமது வாய்க்காலுக்கு வந்து சேருமுன் இரண்டு பெரிய காகித ஆலைகளைத் தாண்டி வருகிறது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை இருக்கிறது. 1960-ல் கம்பெனியாகப் பதிவாகி 1962-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. அதற்குக் கீழே கரூர் ஜில்லா புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. மாநில சர்க்கார் 1979-ல் நிறுவிய கம்பெனி அது. ஆலை 1984-ல் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 90,000 டன் என்றிருந்த அதன் திறன் பின்னர் 4 லட்சம் டன்னாக வளர்ந்தது. அதே நிறுவனம் 2016-ல் திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் அட்டை ஆலை ஒன்றையும் தொடங்கியது.

இரண்டாவது, கரும்பு. புகளூர் ஆலை கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் கட்டப்பட்டது. 1 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ ஈரச் சக்கை வரும். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் பாய்லரிலேயே எரித்துவிடுவது வழக்கம். காகித ஆலைக்குச் சக்கை வேண்டுமானால் அதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ கொடுத்து வாங்க வேண்டும். தஞ்சைக்குப் பக்கத்தில் குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய கைகளுக்கு, சக்கை என்பது குப்பை அல்ல, பண்டம் என்பது தெரியும்.

மூன்றாவது, ஆட்கள். சம்பா அறுவடை முடிந்து களத்துமேடு ஓய்ந்ததும் டெல்டா கிராமத்து இளைஞர்கள் கரூர், ஈரோடு, திருப்பூர், கோவை என்று பஸ் ஏறுகிறார்கள். அறுவடை யந்திரம் வயலில் இறங்கிய பிறகு அரிவாள் பிடித்த கைகளுக்கு வேலை சுருங்கிவிட்டது. எந்த ஊர் ஆலைக்குப் போனாலும் வாசலில் இவர்களை எதிர்கொண்டு அழைத்துப் போகிறவர் மேஸ்திரி. அவருக்கு மேலே கண்டிராக்டர். ஆலை நிர்வாகத்தின் முகத்தை இவர்கள் பார்ப்பதே இல்லை. ஆகவே கண்டிராக்ட் செலவு என்று ஆலைக் கணக்கில் எழுதப்படுவது பெரும்பாலும் நமது வீட்டுப் பிள்ளைகளின் கூலிதான்.

நாற்றங்காலில் செய்த தப்பு

காகிதம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அப்போதுதான் நஷ்டம் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும்.

கரும்பு அரவை ஆண்டில் சில மாதங்கள்தான். காகித ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். ஆகவே சக்கையை மலைபோல் குவித்து, தண்ணீர் தெளித்து, கெட்டுப் போகாமல் வைத்திருக்கிறார்கள். சக்கையில் நார் உண்டு. நாருக்குள் பஞ்சு போன்ற சோறும் உண்டு. காகிதத்துக்கு நார்தான் வேண்டும். சோற்றைப் பிரித்தெடுத்து பாய்லருக்கு அனுப்பிவிட வேண்டும். மண்ணும் மணலும் கழுவப்பட வேண்டும். பிறகு நார் காரத்தில் வெந்து கூழாகிறது. கூழைக் கழுவி, வெளுத்து, ஏராளமான தண்ணீரில் கரைத்து, ஓடும் வலையின் மேல் பாய்ச்சுகிறார்கள். அப்போது அதில் 100-க்கு 99 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வலையில் தண்ணீர் வடியும். பிரஸ் உருளைகளில் பிழியப்படும். நீராவி உருளைகளில் உலரும். கடைசியில் தாளாகச் சுருளும்.

இதில் ஒரு கணக்கைத் தொழிலாளி ஒவ்வொருவனும் மனதில் வைக்க வேண்டும். பிரஸ்ஸை விட்டு வரும் தாளில் உலர்ச்சி 1 சதவிகிதம் கூடினால், உலர்த்தும் நீராவியில் ஏறத்தாழ 4 சதவிகிதம் மிச்சம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. பிழிந்தெடுக்கும் தண்ணீர் மலிவு. சுட்டு விரட்டும் தண்ணீர் விலை கூடியது. நீராவி என்றால் நிலக்கரி. நிலக்கரி என்றால் பணம்.

சக்கையில் சோறு சரியாக நீங்கவில்லை என்று வைத்துக் கொள்வோம். என்ன ஆகும்? வலையில் தண்ணீர் வடியாது. சேறாகிப் போன வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் போல் கூழ் ஈரத்தைப் பிடித்துக் கொண்டு நிற்கும். பிரஸ்ஸுக்கு ஈரமாகப் போகும். தாள் கிழியும். யந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டி வரும். நீராவி அதிகம் செலவாகும். மணல் சரியாகக் கழுவப்படவில்லை என்றால் பம்புகளும் வால்வுகளும் தேயும். கூழ் சரியாகக் கழுவப்படவில்லை என்றால், மீட்டெடுக்க வேண்டிய காரம் சாக்கடைக்குப் போகும். வெளுக்கும் ரசாயனமும் கூடுதலாகச் செலவாகும்.

நாற்றங்காலில் செய்த தப்பு களத்துமேட்டில் தெரியும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. காகித ஆலையிலும் அப்படியே. சக்கை மேட்டில் செய்த தப்பு ரீலில் தெரியும். ஆனால் இடையில் பல இலாகாக்கள் இருப்பதால், நஷ்டம் சக்கை மேட்டின் கணக்கில் விழாது. யந்திர இலாகாவின் கணக்கில் விழும். சக்கை மேட்டில் கண்டிராக்ட் ரேட்டைக் குறைத்த அதிகாரி மிச்சம் பிடித்தவர் என்று பெயர் வாங்கிக் கொண்டு போவார்.

பல ஆலைகளில் கண்டிராக்டுக்கு விடப்படும் வேலைகள் எவை? சக்கை, மரம் இறக்குவது, குவிப்பது, மூலப்பொருளைப் பெல்ட்டில் போடுவது, தொட்டி கழுவுவது, சாம்பல் அள்ளுவது, ரீல் கட்டுவது, லாரி ஏற்றுவது. இவை எல்லாம் கடைநிலை வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். யந்திரத்தின் வாயும் வயிறும் இந்த வேலைகளில்தான் இருக்கின்றன. பத்து வருஷம் சக்கை மேட்டில் நின்றவன் ஒரு பிடி சக்கையை எடுத்துக் கசக்கிப் பார்த்தே சோறு எவ்வளவு நீங்கியிருக்கிறது என்று சொல்வான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால் அந்த அறிவு ஆலையில் தங்குமா?

அரை மணி நேரத்தின் விலை

வெறும் வாதம் வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காகப் போடும் கணக்கு. எந்த ஆலையின் ஏட்டிலிருந்தும் எடுத்தது அல்ல.

ஆண்டுக்கு 1 லட்சம் டன் தரும் ஒரு காகித யந்திரம் 340 நாள் இரவு பகலாக ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 12 டன். ஒரு டன் 60,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தின் உற்பத்தி 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

அந்த ஆலையின் சக்கை மேட்டில் 20 கண்டிராக்ட் தொழிலாளிகள் வேலை செய்கிறார்கள். நிர்வாகம் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் குறைத்து டெண்டரை முடிக்கிறது. 360 நாளுக்கு எவ்வளவு மிச்சம்? 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதாவது யந்திரம் அரை மணி நேரம் நின்றால் போகும் உற்பத்தியின் மதிப்பு! நின்ற நேரத்தில் செலவாகாத சக்கையையும் நிலக்கரியையும் கழித்துப் பாதியைத்தான் நஷ்டமாக வைத்தாலும், ஆண்டில் ஒரே ஒரு மணி நேரம் யந்திரம் நின்றால் அந்த மிச்சம் முழுவதும் போய்விடும்.

இருபது குடும்பங்களின் அடுப்பிலிருந்து தினமும் 50 ரூபாயைப் பிடுங்கி ஆண்டு முழுவதும் சேர்த்த பணம், அடைத்துக் கொண்ட ஒரு பம்பில், கிழிந்த ஒரு தாளில் போய்விடுகிறது. இதற்குப் பெயர் சிக்கனமா?

தண்ணீருக்கும் இதே கணக்குத்தான். பழைய ஆலைகளில் 1 டன் காகிதத்துக்கு 150 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் செலவான காலம் உண்டு. நல்ல ஆலைகள் இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கியிருக்கின்றன. 4 லட்சம் டன் தயாரிக்கும் ஆலை ஒன்று டன்னுக்கு 10 கன மீட்டர் குறைத்தால், ஆண்டுக்கு 40 லட்சம் கன மீட்டர் ஆற்றில் இருந்து எடுக்க வேண்டியிராது. நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால் ஏக்கருக்கு சுமார் 5,000 கன மீட்டர். அதாவது 800 ஏக்கர் நெல்லின் தண்ணீர்! ஆலைக்குள் எடுத்த தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே வருகிறது என்பது உண்மை. ஆனால் அதைச் சுத்தம் செய்யும் செலவும், சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் கீழே இருக்கிற விவசாயிக்கு வரும் கேடும் கூடவே வருகின்றன.

ஒழுகும் குழாயை அடைப்பவன் யார்? நாளைக்கும் அதே இடத்துக்கு வரப்போகிறவன். அடுத்த மாதம் எந்த ஆலையில் நிற்போம் என்று தெரியாத ஆளிடம் அந்தப் பொறுப்பை எதிர்பார்ப்பது எப்படி? குற்றம் அவனுடையது அல்ல. அவனை அப்படி வைத்திருக்கும் முறையினுடையது.

கண்டிராக்டர் எதை மிச்சம் பிடிக்கிறார்?

கண்டிராக்ட் ஆள் மலிவு என்கிறார்கள். எப்படி மலிவாகிறான்? நிரந்தரத் தொழிலாளிக்குக் கட்ட வேண்டிய பி.எப். 12 சதவிகிதம் கண்டிராக்ட் தொழிலாளிக்கும் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவனுக்கு முதலாளி பங்கு 3.25 சதவிகிதம் அவனுக்கும் உண்டு. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதம் அவனுக்கும் உண்டு. இவற்றோடு கண்டிராக்டரின் கமிஷன் வேறு. சட்டப்படி எல்லாவற்றையும் கட்டி, கமிஷனையும் கொடுத்தால், ஒரே கூலிக்குக் கண்டிராக்ட் ஆள் நிரந்தர ஆளைவிடச் செலவு கூடியவனாகத்தான் இருப்பான்.

ஆகவே அவன் மலிவு என்றால் அதற்கு இரண்டே வழிதான். ஒன்று, கூலியைக் குறைத்திருக்க வேண்டும். இரண்டு, பி.எப்., இ.எஸ்.ஐ., போனஸ், ஓவர்டைம் இவற்றில் எதையோ கட்டாமல் விட்டிருக்க வேண்டும். மூன்றாவது வழி இருந்தால் நிர்வாகங்கள் சொல்லட்டும், கேட்டுக் கொள்கிறோம்.

டெண்டர் முறையையும் பாருங்கள். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. சக்கை மேட்டு வேலையில் கண்டிராக்டர் கொண்டு வரும் யந்திரம் என்ன, தொழில்நுட்பம் என்ன? மண்வெட்டியும் கூடையும்தான். அவர் மற்ற கண்டிராக்டரைவிடக் குறைத்துக் கேட்க வேண்டுமானால் கூலியில்தான் கை வைக்க முடியும். கண்டிராக்டர்களின் போட்டி என்பது நமது வயிற்றின் மேல் நடக்கும் போட்டி. பிறகு அந்த ரேட்டில் கட்டுபடியாகவில்லை என்று 20 பேர் செய்ய வேண்டிய வேலைக்கு 16 பேரை அனுப்புவார்; ஏட்டில் 20 பேர் இருப்பார்கள். நிர்வாகம் 20 பேருக்குப் பணம் கட்டும். யந்திரத்துக்கு 16 பேரின் வேலை கிடைக்கும். இப்படி நடக்கும் இடங்களில் ஏமாறுகிறவன் தொழிலாளி மட்டுமல்ல, ஆலையும்தான். அது சர்க்கார் ஆலையாக இருந்தால் ஏமாறுவது பொதுமக்கள் பணம்.

உயிர் எந்தக் கணக்கில்?

கூழ்த் தொட்டி கழுவும் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டியில் தேங்கிய கூழ் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று இறங்குகிறவன் திரும்ப மாட்டான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான்.

2020 மே மாதத்தில் சத்தீஸ்கரில் ராய்கர் ஜில்லாவில், ஊரடங்கால் மூடிக்கிடந்த ஒரு காகித ஆலையில் தொட்டி கழுவ இறங்கிய 7 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். காற்றைச் சோதிக்கும் கருவி, மூச்சுக்கவசம், மேலே கயிற்றைப் பிடித்து நிற்க ஓர் ஆள், எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு ஆகிய இந்த நான்கும் இல்லாமல் எந்தத் தொழிலாளியும் தொட்டியில் இறங்கக் கூடாது. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இறங்கக் கூடாது. மிகக் குறைந்த ரேட்டில் வேலை எடுத்த கண்டிராக்டர் முதலில் வெட்டும் செலவு இந்த நான்கும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மூடிய ஆலைகள் சொல்லும் பாடம்

கூலியைக் குறைக்காவிட்டால் ஆலை மூடப்படும் என்று மிரட்டுவது பழைய வழக்கம். மூடிய ஆலைகளின் கதையைப் பார்ப்போம். மத்திய சர்க்காருக்குச் சொந்தமான ஹிந்துஸ்தான் பேப்பர் கார்ப்பரேஷனின் அசாம் ஆலைகள் இரண்டில் கச்சார் ஆலை 2015 அக்டோபரிலும் நகாவ் ஆலை 2017 மார்ச்சிலும் உற்பத்தியை நிறுத்தின. மூங்கிலும் நிலக்கரியும் ஒழுங்காக வந்து சேரவில்லை. நடைமுறைச் செலவுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. தொழிலாளர்களோ மாதக்கணக்கில் சம்பளமே வாங்காமல் ஆலை மறுபடி ஓடும் என்று காத்திருந்தார்கள். சம்பளமே கொடுக்காமல் போனதால் அந்த ஆலைகள் பிழைத்தனவா?

அதே கார்ப்பரேஷனின் கீழ் கேரளத்தில் கோட்டயம் ஜில்லா வெள்ளூரில் 1982-ல் தொடங்கிய செய்தித்தாள் காகித ஆலை 2019-ல் நின்று போயிற்று. மாநில சர்க்கார் அதை ஏலத்தில் தனியாருக்குப் போக விடாமல் எடுத்து, யந்திரங்களைப் பழுது பார்த்து, 2022-ல் மறுபடி ஓட வைத்தது. அங்கே யந்திரத்தை மறுபடி ஓட வைத்தது கூலிக் குறைப்பு அல்ல. பழுது பார்க்கப் பணமும், ஓட்டத் தெரிந்த கைகளும், ஓட்ட வேண்டும் என்ற உறுதியும்தான்.

சட்டம் இருந்தது, இருக்கிறது

1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல், ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் கண்டிராக்ட் முறையைச் சர்க்கார் தடை செய்யலாம் என்று அது சொன்னது. கண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் ஆலையே கொடுக்க வேண்டும் என்றது. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று அதன் விதிகள் கூறின. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த சட்டம், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவனுக்கு நிரந்தர அந்தஸ்து என்றது. ஆனால் 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், கண்டிராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே ஆலையின் ஆளாகிவிட மாட்டான் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கதவு பாதி மூடிக்கொண்டது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமுலுக்குக் கொண்டு வந்தது. 1970 சட்டம் அதில் கரைந்து போயிற்று. 20 பேர் என்றிருந்த வரம்பு 50 பேராக உயர்ந்தது. 49 பேரை வைத்திருக்கும் கண்டிராக்டர் வெளியே! ஆலையின் மூல வேலையில் கண்டிராக்ட் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் ஏற்றுமதி இறக்குமதிச் சுமை வேலை, துப்புரவு, காவல் போன்றவை மூல வேலையில் சேராது என்று அடுத்த வரி சொல்கிறது. அந்தத் தடைக்கும் விலக்குகள் உண்டு. சக்கை இறக்காமல் காகிதம் எப்படி வரும் என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டத்தை நம்பி உட்கார்ந்திருப்பதற்கில்லை. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் பயன்படுத்தாமல் விடுவதற்கும் இல்லை.

நாம் சொல்லும் சிக்கனம்

ஆகவே காகித ஆலை நிர்வாகங்களுக்கு, முக்கியமாகச் சர்க்கார் ஆலைக்கு, நாம் சொல்வது இதுதான்.

1. ஆலையில் நடக்கும் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஆண்டு முழுவதும் நடப்பவை ஒரு பக்கம். எப்போதாவது வருபவை ஒரு பக்கம். சக்கை மேடு, தொட்டி, சாம்பல், ரீல் கட்டுவது, லாரி ஏற்றுவது ஆகியவை ஆண்டு முழுவதும் நடப்பவை. இவற்றில் ஆலையே நேரடியாக ஆள் எடுக்க வேண்டும். இப்போது வேலை செய்கிறவர்களையே முதலில் எடுக்க வேண்டும்.

2. டர்பைனைப் பிரித்து மாட்டுவது, பாய்லர் குழாய் மாற்றுவது, உருளை கடைவது போன்ற விசேஷ வேலைகளுக்குக் கண்டிராக்ட் தேவைப்படலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலை இன்னது, அளவு இன்னது என்று முன்கூட்டி எழுத வேண்டும். கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. இவற்றை டெண்டரில் மாற்ற முடியாத தொகையாக முதலிலேயே குறிக்க வேண்டும். போட்டி கமிஷனிலும் கருவியிலும் மட்டும் நடக்கட்டும்.

3. ஆண்டு ஷட்டவுனைத் திட்டமிட்டு நடத்துங்கள். உதிரிபாகம் வந்து சேருமுன் ஆட்களை வரவழைத்து மூன்று நாள் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுப்பதும், பிறகு இரண்டு நாளில் இராப்பகலாக முடிக்கச் சொல்வதும், இரண்டுமே செலவுதான். இரண்டாவது ஆபத்தும் கூட.

4. முடிந்த வேலையை அளக்கும் புத்தகமும் ஆள் கணக்கு ஏடும் தொழிலாளர் பிரதிநிதியின் பார்வைக்கு வர வேண்டும். மராமத்து வேலையில் அளவுப் புத்தகம் இல்லாமல் பில் பாஸாகாது. ஆலையில் மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?

5. யந்திரம் நின்ற ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று ஷிப்டுவாரியாக எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த கமிட்டிக்கு 1947 சட்டமே வழி செய்தது. புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது உண்டு. அந்தக் கமிட்டி டீயும் கேண்டீனும் பேசுவதோடு நிற்காமல், நின்ற நேரத்தையும் ஒழுகிய தண்ணீரையும் பேசட்டும்.

6. இப்படிக் கிடைக்கும் மிச்சத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். உற்பத்தி கூடும், ஆள் குறையும், கூலி அப்படியே இருக்கும் என்றால் அந்தத் திறமைக்கு நாம் கை கொடுக்க முடியாது. 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆள்குறைப்புத் திட்டத்தை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யந்திரம் கூடாது என்பது அவர்கள் வாதம் அல்ல. யந்திரத்தின் சுமையைத் தொழிலாளி தலையிலும் லாபத்தைத் தனது பெட்டியிலும் வைக்கக் கூடாது என்பதே வாதம்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை

நிரந்தரத் தொழிலாளித் தோழர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கண்டிராக்ட் ஆட்கள் இருந்தால்தான் கஷ்டமான வேலை நம் தலையில் விழாது, ஆள்குறைப்பு வந்தாலும் முதலில் அவர்களோடு நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் போகிற நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் யார் வருகிறார் என்று உங்கள் இலாகாவில் எண்ணிப் பாருங்கள். பத்து பேர் போன இடத்தில் இரண்டு பேர் நிரந்தரமும் எட்டுப் பேர் கண்டிராக்டும் என்றால், நாளைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் யார் நிற்பார்கள்? ஒரே வாசலில் நுழைகிறவர்களுக்கு ஒரே சங்கம் வேண்டும்.

கிராமத்துத் தோழர்களிடமும் சொல்ல வேண்டும். "வேலை கிடைத்தால் போதும், கண்டிராக்டர் கொடுக்கிறதைக் கொடுக்கட்டும்" என்கிறோம். பசி அப்படிச் சொல்ல வைக்கிறது. அதை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆனால் மேஸ்திரியோடு பஸ் ஏறுமுன் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். எந்த ஆலை, எந்தக் கண்டிராக்டர், நாள் கூலி என்ன, பி.எப். நம்பர் என்ன, இ.எஸ்.ஐ. சீட்டு எங்கே என்று கேளுங்கள். வேலை செய்த நாட்களை ஒரு சிறு நோட்டில் தேதியோடு நீங்களே எழுதி வையுங்கள். கண்டிராக்டர் பெயர் வருஷா வருஷம் மாறலாம். 480 நாள் என்று ஒரு நாள் நிரூபிக்க வேண்டி வந்தால் அந்த நோட்டும் கேட் பாஸும் சாட்சி. ஊரிலிருந்து போகிற பத்துப் பேரும் சேர்ந்தே கேளுங்கள். ஒருவன் கேட்டால் அவனை விட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பேரை விட்டுவிட்டுப் போக முடியாது.

தஞ்சை மண்ணுக்கு இது புதிய பாடம் அல்ல. ஒரு காலத்தில் காரியஸ்தன் அளந்ததே மரக்கால், மிராசுதார் நிறுத்தினால் பண்ணையாள் தெருவில் என்றிருந்தது. பண்ணையாள் கூலியைக் கூட்டினால் விவசாயமே அழிந்துவிடும் என்றார்கள். சங்கம் கண்டு, அடியும் சிறையும் பட்டு நின்றதன் பேரில் 1952-ல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி நிர்ணயமாயிற்று; நினைத்தபோது நிறுத்துவதற்குத் தடை வந்தது. அதனால் காவேரிக் கரையில் நெல் விளையாமல் போகவில்லை.

கண்டிராக்டரின் தயவில் நிற்கும் இன்றைய கூலியும் அந்தக் காரியஸ்தன் காலத்துப் பண்ணையாளின் மகனுக்கு மகன்தான். அவனை ஏட்டில் பெயருள்ள தொழிலாளியாக ஆக்கினால் காகித ஆலை நஷ்டப்பட்டுவிடாது. சக்கை சுத்தமாகப் போகும். யந்திரம் நிற்காமல் ஓடும். தண்ணீர் ஆற்றில் மிஞ்சும். செலவைக் குறைக்க விரும்பும் நிர்வாகம் அங்கே தொடங்கட்டும். தொடங்காவிட்டால், நிரந்தரத் தொழிலாளியும் கண்டிராக்ட் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, ஆலை வாசலிலிருந்து நாமே தொடங்குவோம்.